விமானம்: கருவறை உச்சியிலிருந்து வான்வெளிக்கு

விமானம் என்றவுடன் இன்றைய தமிழருள் பெரும்பாலோர்க்கு வானில் பறக்கும் ஊர்தியே நினைவுக்கு வருமெனினும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பட்டர்களும் அங்குத் திருப்பணி செய்யும் ஸ்தபதிகளும் அச்சொல்லைக் கருவறையின் மேல் எழும் கட்டடத்துக்கே முதன்மையாக ஆள்கின்றனர். குடமுழுக்கு நாளில் பட்டர் விமானத்தில் ஏறினார் என்று அவ்வூரில் ஒருவர் சொன்னால், சாரத்தின் வழியே மேலே சென்று கலசத்துக்குப் புனித நீர் சேர்த்தார் என்றுதான் கேட்பவர் கொள்வார். அடுத்துள்ள ராஜபாளையத்தில், விஜயநகரக் காலத்தையொட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசினாலும், இரு மொழியிலும் இவ்விரு பொருளுக்கும் அவர்கள் வழங்குவது இதே சொல்லே.

ஆங்கிலம் இவ்வகையில் வேறு வழியில் சென்றது. ஏரோப்ளேன் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு மொழியில் உருவாகி ஆங்கிலத்துக்கு வந்த சொல். தொடக்கத்தில் அது காற்றைத் தாங்கும் தட்டையான இறக்கைப் பரப்பை மட்டும் குறித்துப் பின்னரே முழு ஊர்திக்கும் பெயராயிற்று. இரண்டடுக்கு இறக்கை கொண்ட பழைய ஊர்தியை பைப்ளேன் என்றழைத்ததில் அந்த முதற்பொருள் தங்கியிருக்கிறது. ஏவியேஷன் என்ற சொல்லைப் பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 1863இல் ஆக்கித் தந்தவர் கபிரியேல் த லா லாந்தெல் என்ற பிரெஞ்சுக்காரர். பைலட் கப்பலின் சுக்கான் பிடிப்பவரிடமிருந்து வந்தவர். காக்பிட்டோ சேவற்சண்டைக் களத்தின் பெயராக இருந்து, போர்க்கப்பலின் கீழ்த்தட்டு அறைக்குப் போய், அதன்பின் விமானியின் அறையை அடைந்தது. இவ்வாறு பறவையிடமும் கப்பலிடமும் ஆங்கிலம் கடன் வாங்கிய இடத்தில், தமிழ் ஒரு கட்டடத்தின் பெயரை எடுத்து வானத்தில் விட்டது என்பது வியப்புக்குரியது.

சொல்லின் வேர் வடமொழியிலுள்ளது. அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்ற வினையடியுடன் ‘வி’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து அமைந்த இதற்கு, அளந்து வகுக்கப்பட்டது என்பது அடிப்படைப் பொருள். சிற்ப நூல்கள் விமானத்தை அதிட்டானம் என்னும் அடித்தளம், சுவர், கூரையை ஒட்டிய பிரஸ்தரம், கழுத்து, சிகரம், தூபி என ஆறு உறுப்புகளாகப் பகுப்பதால், அடித்தளம் முதல் கலசம் வரையுள்ள கருவறைக் கட்டடம் முழுவதும் விமானமே. மேற்பகுதியை மட்டும் அப்பெயரால் சுட்டுவது பேச்சு வழக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் தானும் தன் தமக்கையும் பிறரும் கொடுத்தவற்றை ஸ்ரீவிமானத்தின் கல்லில் வெட்டும்படி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டான். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், உச்சியில் வைக்கப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தையும் அளித்தான். சுமார் 216 அடி உயரமுள்ள அக்கட்டடத்துக்கு முன் அதன் வாயிற்கோபுரங்கள் சிறியவை.

பிற்காலப் பாண்டியரும் விஜயநகர, நாயக்க மன்னரும் வாயிலை உயர்த்தவே முனைந்ததால், இந்த அளவு தலைகீழாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் அதற்கு நல்ல சான்று: 11 நிலைகளுடன் சுமார் 192 அடி உயரும் வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் நெடுந்தொலைவிலேயே தெரிய, விமானமோ பிராகாரத்துக்குள் போய்த் தேடினால்தான் கண்ணில் படும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற பழமொழி கோபுரத்துக்கு வாய்த்ததும், விமானத்துக்கு அப்படியொன்று வழக்கில் நிலைக்காததும் இதனால்தான் போலும். ஆனால் இக்கோயிலின் கருவறை அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. கீழ்த்தளத்தில் நரசிம்மரும் படியேறிச் செல்லும் மேல்தளத்தில் ஆலிலைப் பள்ளி கொண்ட வடபத்ரசாயியும் இருப்பதால், இது மாடமாக அமைந்த கோயில். அடுத்துள்ள ஆண்டாள் கோயிலின் விமானம் அண்மைக் காலத்தில் பொற்றகடு போர்த்தப்பட்டுத் தங்க விமானமாகியிருக்கிறது.

கட்டடம் பறக்கத் தொடங்கியதற்கான விடை இந்த மாடத்தில்தான் கிடைக்கிறது. பழைய வடமொழி இலக்கியத்தில் விமானம் என்பது பல அடுக்கு மாளிகையையும் குறிக்கும். குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்த புஷ்பகமும் மண்டபங்களும் மாடங்களும் கொண்ட ஒரு பறக்கும் மாளிகையாகவே வருணிக்கப்பட்டது. தேவர்கள் வானில் வாழ்வதால் அவர்களுடைய வீடும் வானில் இயங்கும் என்பது இக்கற்பனையின் தருக்கம். தமிழகத் தலபுராணங்கள் அதனை இன்னும் ஒருபடி மேலே கொண்டுசென்றன: திருவீழிமிழலையின் விமானம் விண்ணிலிருந்து இறங்கியதால் விண்ணிழி விமானம் எனப் பெயர் பெற்றது, திருவரங்கத்தின் விமானமோ பிரமனிடமிருந்து இக்ஷ்வாகு குலத்துக்கு வந்து, இராமனால் விபீடணனுக்கு அளிக்கப்பட்டு, இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் காவிரிக் கரையில் தங்கிவிட்டது. அந்த அரங்கனையே ஆண்டாள் மணந்ததாக வைணவ மரபு கூறுவதால், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் ரங்கமன்னார் என்ற பெயரில் எழுந்தருளியிருக்கிறார். வழக்கமாக எதிரே நிற்கும் கருடனும் இங்கு அவர்களுக்கு அருகிலேயே நிற்கிறார். பெரியாழ்வார் பாண்டியன் அவையில் பொற்கிழி வென்று மதுரையில் யானைமேல் உலா வந்தபோது திருமால் கருடன்மேல் வானில் தோன்றினார் என்பதும் இவ்வூர் மறவாத கதை.

உண்மையான ஊர்தி தமிழகத்துக்கு வந்தது 1910இல். சென்னையில் உணவு விடுதி நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ தாஞ்செலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்த ஊர்தியில் அவ்வாண்டு பறந்தார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிச்சென்ற அஞ்சல் ஊர்தியை நெவில் வின்சென்ட் அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆகாயக் கப்பல், ஆகாய விமானம், ஏரோப்ளேன் ஆகிய பெயர்கள் சிலகாலம் அருகருகே வழங்கின. இராமாயணக் கதை கேட்டு வளர்ந்தோர்க்கு இரண்டாவது பெயர் விளக்கம் தேவைப்படாததாக இருந்தமையால் அதுவே வென்றது. அடைமொழி உதிர, விமானி, விமானப்படை, விமானந்தாங்கிக் கப்பல் என அது கிளைத்தது.

தனித்தமிழ் அன்பர்களின் வானூர்தி அதற்குப் போட்டியாக எழுந்தது. ஓட்டுநர் இன்றிச் செல்லும் வான ஊர்தியைச் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றின் 27ஆம் பாட்டில் குறிப்பிடுவதால் அதற்குத் தொன்மையும் துணை நிற்கிறது. ஈழத்தமிழரிடையேயும் அது வழங்குகிறது. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிச் செல்லும் மயிற்பொறியையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்.

இவற்றைக் கொண்டு பண்டை இந்தியர் விமானம் கட்டிப் பறந்தனர் என வாதிடுவோர் காட்டும் வைமானிக சாஸ்திரம், 1918 முதல் 1923 வரை சுப்பராய சாஸ்திரி சொல்லச்சொல்ல எழுதப்பட்ட நூல். அதிலுள்ள ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974இல் தெளிவாக்கினர். தச்சரின் அளவுகோலையும் புலவரின் கற்பனையையும் ஒருங்கே தாங்கிய சொல்லுக்கு அத்தகைய போலிச் சான்று தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வோர் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாமல், பிராகாரத்தில் சற்றுப் பின்னே தள்ளி நின்று விமானத்தையும் அடி முதல் தூபி வரை பார்த்துவர வேண்டும்.