தாத்தாவின் தட்டில் இல்லாத பருப்பு

யட்டவத்தயில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தாத்தாவுக்கு மீன் கூடாது, முட்டை கூடாது, பருப்புகூடக் கூடாது. ஈரல் சுருங்கிப்போன மனுஷன். சில நாள் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருப்பார். சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் நிற்பார். நீட்டிய கை படபடவென்று ஆடும். புரதம் சாப்பிட்டால் மூளையைத் தாக்கும் என்று யாரோ சொன்னதை அப்பாயி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சோறும் ரசமும்தான். கடைசியில் தாத்தா எலும்பும் தோலுமாகிவிட்டார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் ரஷ்யாவில், நாய்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கு.

குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகும். 1877இல் நிக்கொலாய் எக் என்ற மருத்துவர், அந்த இரத்தம் ஈரலைத் தாண்டிப் போகும்படி நாய்களில் குழாய்களை இணைத்தார். 1893இல் பாவ்லோவ் குழுவினர் அதே அறுவையைச் செய்தார்கள். ஆமாம், மணிச்சத்தத்துக்கு நாய் எச்சில் ஊறிய கதையில் வருகிற அதே பாவ்லோவ். அந்த நாய்கள் இறைச்சி தின்றதும் வெறி பிடித்தமாதிரி ஆகி, வலிப்பு வந்து, மயங்கி விழுந்தன.

காரணம் அமினோ அமிலங்கள். அவை உடையும்போது அமோனியா வருது. ஈரல் அதை யூரியாவாக்கி வெளியே அனுப்புது. எப்படி என்பதை 1932இல் கிரெப்ஸும் ஹென்செலைட்டும் விளக்கினார்கள். ஈரல் கெட்டால் அமோனியா மூளைக்குப் போகும். அங்குள்ள துணைச் செல்கள் அதைக் குளூட்டமினாக்கி, தாங்களே வீங்கிப்போகும். குழப்பமும் தூக்கமும் அதனால்தான்.

1954இல் லண்டனில் ஷீலா ஷெர்லொக் குழுவினர் மனிதர்களில் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார்கள். புரதத்தைக் குறைப்பது பல காலம் வழக்கமான சிகிச்சையாக இருந்தது. கணக்கு சரிதானே என்று நமக்கும் தோணும்.

ஆனால் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போச்சு: தசை. ஈரல் கைவிட்டால் தசைதான் அமோனியாவைப் பிடித்துக் குளூட்டமினாக மாற்றுது. அதற்கு லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய அமினோ அமிலங்களைச் செலவழிக்குது. அதனால்தான் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் அவை குறைந்திருக்கும். 1971இல் ஜோசப் பிஷரும் பால்டெஸ்ஸரினியும் சொன்ன கருத்து அமினோ அமிலங்களின் சமநிலைமீது கவனத்தைத் திருப்பியது. அவர்கள் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. ஆனாலும் கேள்வி மாறியது. சாப்பாட்டில் புரதத்தை வெட்டினால் உடம்பு தன் தசையையே கரைக்கும். அமோனியாவைப் பிடிக்க ஆள் குறையும்.

2004இல் பார்சிலோனாவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. புரதம் குறைத்தவர்கள் வேகமாகத் தேறவில்லை. அவர்கள் உடம்பில் புரதம் கரைவதுதான் கூடியது. இன்றைய வழிகாட்டல் என்ன தெரியுமா? உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். படுக்கும்முன் சிறிது சாப்பாடும் வேண்டும். மலச்சிக்கல், கிருமித்தொற்று, குடலில் இரத்தக்கசிவு ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

கசிப்புக் குடித்தவருக்கு மட்டும் வருகிற நோய் என்றும் நினைக்காதீங்க. ராகமையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது.

அப்பாயிமேல எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது ஒரு காலத்தில் மருத்துவமே சொன்ன பேச்சு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பருப்புச் சட்டியை ஒளித்துவைக்கும்முன் வைத்தியரிடம் ஒரு தடவை கேளுங்க.