அடைக்கலான் குருவி

பெங்களூரின் லிங்கராஜபுரத்துச் சந்துகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் சுவரோடு சுவராகக் குடியிருப்பதால், கைக்குள் அடங்கும் அந்தப் பழுப்புப் பறவைக்குப் பெயர்ப்பஞ்சம் இல்லை: கன்னடத்தார்க்குக் குப்பச்சி, தெலுங்கர்க்குப் பிச்சுக்க, நம்மில் பலர்க்குச் சிட்டுக்குருவி, தென்மாவட்டத்து வழக்கில் அடைக்கலாங்குருவி. சொல்லில் சுவை காண்பவர் இந்த நான்காம் பெயரை எளிதில் கடந்துவிட முடியாது.

குருவியின் பழவடிவம் குரீஇ. தழுவி தழீஇ என்றும், வெருவி வெரீஇ என்றும் வழங்கியதைப் போல, நாம் இன்று வகரம் ஒலிக்கும் இடத்தில் பழந்தமிழ் நெடிலை நீட்டி இசைத்தது. அந்தக் குரீஇயை மனையில் உறைவதாகவே குறுந்தொகை அறியும். 1758-இல் உயிரியலறிஞர் லின்னேயசு இதற்கு இலத்தீனில் சூட்டிய டொமெஸ்டிகா என்ற அடைமொழிக்கும் வீட்டைச் சார்ந்தது என்பதே பொருள்.

வீட்டில் இருப்பது என்பதோடு அவை நின்றுவிட, எந்த உரிமையில் இருக்கிறது என்பதையும் சொல்வது அடைக்கலான். அடை என்னும் வேரில் கிளைத்த அடைக்கலம், ஆன் என்னும் ஈறு பெற்றதும், அஃறிணைச் சிற்றுயிர் புகலிடம் கேட்டு வாசலில் நிற்கும் ஆளாகிவிடுகிறது. ஓட்டிடுக்கிலும் மின்மானிப் பெட்டியின் பின்னும் வைக்கோல், நார், கோழியிறகு என்று கிடைத்ததையெல்லாம் திணித்து அடைத்து, ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும் காட்சியைக் கண்டவர் செவியில், அடைதலும் அடைத்தலும் அடையும் ஒருசேர ஒலிக்கும். வேராய்வு அவற்றைத் தனித்தனியே நிறுத்தட்டும். காதுக்கு அது விருந்துதான்.

இப்பெயரைப் பரவலாக்கியதில் தமிழ் விவிலியத்துக்கும் பங்குண்டு. எண்பத்து நான்காம் சங்கீதத்தில், பீடத்தருகே வீடு பெறும் அடைக்கலான் குருவிக்குப் பக்கத்திலேயே கூடு பெறுகிறது தகைவிலான் குருவி. தகைவு தளர்ச்சி, தகைவு இல்லான் ஓயாது பறப்பவன். ஒன்று தங்குவதால் பெயர் பெற்றது, மற்றது தங்காமையால்.

சங்கீதத்தில் அண்டைவீட்டாரான இவ்விரு இனங்களும் வட அமெரிக்கத் தோட்டங்களில் பகையாளிகள். 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் பறக்கவிடப்பட்ட நம் குருவி, கண்டமெங்கும் பெருகி, அங்கத்தியத் தகைவிலானையும் நீலப்பறவையையும் மக்கள் வைத்த கூட்டுப்பெட்டிகளிலிருந்தே விரட்டுகிறது. அடைக்கலம் புகுந்தவன் வீட்டுக்காரனை வெளியேற்றும் அந்த ஊரில் இப்பெயர் பிறந்திருக்க வழியில்லை.

ஆகவே இது குருவியின் இயல்பைக் கண்டு மட்டும் வைத்த பெயரன்று. உள்ளே விட்டவர்கள் வைத்தது. ஓட்டுவீடு இடிந்து, இடுக்கில்லாத காங்கிரீட்டு மாடிகள் எழும் தெருக்களில், அப்பெயரைப் பொய்யாக்காமல் காக்கும் பொறுப்பு குருவியினது அன்று. பால்கனி மூலையில் விரற்கடை இரண்டு அகலத் துளையோடு ஒரு மரப்பெட்டி மாட்டினால், சொல்லும் பொருளும் மீண்டும் ஒன்றாய்க் குடியிருக்கும்.