கியர் வெட்ட டிவைடிங் ஹெட் வாங்கப் போறீங்களா? விலையைக் கேட்கும் முன் பல் எண்ணிக்கையைப் பாருங்க!

பழைய லேத்தில் ஒரு கியர் உடைந்துவிட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்காது, வெளியே கொடுத்தால் ஒரே ஒரு கியருக்காக ஹாபிங் மெஷினில் செட்டிங் போட யாரும் முன்வர மாட்டார்கள். அதனால்தான் கோவை, அம்பத்தூர் மாதிரி இடங்களில் உள்ள சின்னப் பட்டறைகள், கையில் இருக்கும் சிறிய மில்லிங் மெஷினிலேயே கியர் வெட்ட நினைக்கின்றன. அதற்கு முதலில் தேவைப்படுவது டிவைடிங் ஹெட். ஆனால் தவறான ஹெட்டை வாங்கினால், எந்த கியருக்காக வாங்கினோமோ அதையே வெட்ட முடியாமல் போகலாம்.

டிவைடிங் ஹெட் என்ன செய்கிறது?

ஒரு வட்டத்தைச் சமமான பாகங்களாகப் பிரிப்பதுதான் இதன் வேலை. உள்ளே ஒரு வொர்ம், அதோடு இணைந்த 40 பல் வொர்ம் வீல். வெளியே இருக்கும் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரே ஒரு சுற்று சுற்றும். ஆக, எத்தனை பல் வேண்டுமோ அந்த எண்ணால் 40-ஐ வகுத்தால், ஒரு பல்லுக்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது வந்துவிடும்.

28 பல் கியரை எடுத்துக்கொள்வோம். 40-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு முழுச் சுற்று, அதோடு ஏழில் மூன்று பங்கு. 21 ஓட்டை உள்ள வட்டத்தில் 9 இடைவெளி நகர்ந்தால் அந்த ஏழில் மூன்று கிடைத்துவிடும். இங்கே பலரும் சறுக்குவது எண்ணுவதில். பின் ஏற்கெனவே நிற்கும் ஓட்டையை ஒன்று என்று எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு ஓட்டை குறைந்து, கடைசியில் ஏறக்குறைய ஒரு பல் அளவு இடம் மிஞ்சும். பிளாங்க் வேஸ்ட், அரை நாள் கூலியும் வேஸ்ட்.

ரோட்டரி டேபிள் போதாதா?

கடைக்காரர் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்: "ரோட்டரி டேபிள் வாங்கிக்கோங்க, பிளேட் செட் தர்றோம், ரெண்டு வேலையும் ஆகும்." பாதி உண்மை. வளைவான ஸ்லாட், கோணத்தில் ஓட்டை போடுவது எல்லாம் ரோட்டரி டேபிளில்தான் வசதி. ஆனால் சந்தையில் நிறைய டேபிள்கள் 90-க்கு 1 விகிதத்தில் வருகின்றன. கூட வரும் பிளேட்டுகளில் பரவலாக இருப்பது 15 முதல் 20 வரை, பிறகு 21, 23, 27, 29, 31, 33, கடைசியாக 37, 39, 41, 43, 47, 49 ஓட்டைகள்.

இப்போது அதே 28 பல்லைப் போட்டுப் பாருங்கள். 90-ஐ 28-ஆல் வகுத்தால் மூன்று சுற்று, பதினான்கில் மூன்று பங்கு. 14-ஆல் வகுபடும் ஓட்டை வட்டம், அதாவது 28 அல்லது 42, மேலே சொன்ன பட்டியலில் எங்குமே இல்லை. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்! அதே பிளேட்டுகளை 40-க்கு 1 ஹெட்டில் மாட்டினால் 50 பல் வரை எல்லா எண்ணையும் வெட்டலாம். கியர்தான் முக்கிய வேலை என்றால் 40-க்கு 1 ஹெட்டே நல்லது.

24 ஓட்டை மட்டும் உள்ள நேரடி இன்டெக்சிங், 36 ஓட்டை உள்ள சின்ன ஸ்பின் இன்டெக்சர் ஆகியவை விலை குறைவு. போல்ட் தலையில் ஆறு பட்டை எடுக்க அருமையாக இருக்கும். கியர் கட்டரின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு ஸ்பின் இன்டெக்சருக்குப் பிடிமானம் கிடையாது.

127 பல் என்ற தலைவலி

அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் வருவது 127. இது பகா எண் என்பதால் சாதாரண பிளேட் எதிலும் மாட்டாது. யுனிவர்சல் ஹெட்டில் சேஞ்ச் கியர் மாட்டி, பிளேட்டையே மெதுவாக நகர வைத்து இதை வெட்டுவார்கள். செமி யுனிவர்சல் வகையில் பொதுவாக அந்த வசதி இருக்காது. இந்த ஒரு கியருக்காக யுனிவர்சல் ஹெட் வாங்குவது அவசியமா என்றால், இல்லை.

காரணம் இதுதான். பிளேட்டில் இருக்கும் பிழை, வொர்ம் வழியாக ஜாபுக்கு வரும்போது 40-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 60 மி.மீ. ஆரத்தில் ஒரு ஓட்டை 0.2 மி.மீ. தள்ளி விழுந்திருந்தாலும், 30 மி.மீ. ஆரமுள்ள ஜாபில் அது வெறும் 0.0025 மி.மீ. தான். ஆகவே 127 ஓட்டை பிளேட்டைக் கவனமாகக் குறித்துப் பட்டறையிலேயே போட்டுக்கொள்ளலாம், ஒரு பல்லுக்கு 40 இடைவெளி. செகண்ட் ஹேண்ட் ஹெட்டில் ஒரு பிளேட் காணோம் என்றாலும் இதனால் பயப்பட வேண்டியதில்லை. விலையைக் குறைக்க அதுவே நல்ல சாக்கு!

ஆனால் வொர்ம் வீல் தேய்ந்திருந்தால் அந்தப் பிழை குறையாமல் அப்படியே பல்லில் இறங்கும். எனவே பழைய ஹெட்டை வாங்கும்போது பெயின்டைப் பார்க்காமல் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். ஸ்பிண்டிலை ஒரு முழுச் சுற்று கொண்டுவந்து, பல இடங்களில் பிளே எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிளே இருந்தால் பெரும்பாலும் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம். ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் லூஸ் என்றால் விட்டுவிடுவதே மேல். ஸ்பிண்டில் லாக் உண்மையிலேயே பிடிக்கிறதா என்பதையும் சோதிக்கணும்.

சிறிய மெஷினில் இடம் இருக்கா?

வாங்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்க. சிறிய மில்லுக்கு அதிகம் வாங்கப்படும் பி.எஸ்-0 வகையின் சென்டர் உயரம் சுமார் 100 மி.மீ. மாடியூல் 2-ல் 28 பல் கியரின் வெளி விட்டம் 60 மி.மீ. தான் என்பதால் உயரம் பிரச்சினை இல்லை. நீளத்தில்தான் இடிக்கும். ஹெட், சக், மேண்ட்ரல், டெயில்ஸ்டாக் என எல்லாம் வரிசையாக டேபிளில் உட்கார்ந்த பிறகு, கட்டர் உள்ளே வந்து வெளியே போக இடம் வேண்டும். டெயில்ஸ்டாக்கை ஹெட்டோடு செட்டாகவே வாங்குவது நல்லது. தனியாக வாங்கினால் உயரம் பொருந்தாமல், பல் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழும்.

கட்டர் வாங்கும்போதும் ஒரு குழப்பம் உண்டு. 28 பல்லுக்கு டி.பி. வகையில் 4-ம் நம்பர் கட்டர். மாடியூல் வகையில் பொதுவாக வரிசை தலைகீழ், அதனால் 5-ம் நம்பர். நம்பரை நம்பாமல், கட்டரின் மேல் பொறித்திருக்கும் 26–34 என்ற பல் வரம்பைப் பார்ப்பதே பாதுகாப்பு.

வெட்ட ஆரம்பிக்கும்போது கைப்பிடியை ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டும். ஓட்டையைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய், திரும்ப அதே திசையில் வரணும், இல்லாவிட்டால் வொர்மின் பிளே கணக்கைக் கெடுத்துவிடும். அனுபவமுள்ள மில்லர்கள் முதல் சுற்றிலேயே 4.5 மி.மீ. முழு ஆழத்துக்கு இறங்க மாட்டார்கள். கட்டரால் லேசாக 28 கீறல் போட்டு, 29-வது கீறல் முதல் கீறலின் மேலேயே விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆழம் கொடுப்பார்கள்.