கம்பிக்குக் கீழே மிஞ்சும் நிலம்: கியூபெக்கில் வசதியுரிமை இழப்பீடு

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியலில் சுரங்க ரயிலுக்காக மண்ணைக் குடையும்போது, சுரங்கத்தின் முகடு தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர் ஆழத்தில் இருந்தால், அது அடைக்கும் நிலத்தடி இடம் வேலை தொடங்கும் நாளிலேயே போக்குவரத்துக் கழகத்தின் சொத்தாகிவிடுகிறது. பத்திரம் இல்லை, இழப்பீடும் இல்லை. சேதம் நேர்ந்தால் வழக்குத் தொடுக்கும் உரிமை மட்டும் மேலே வீடு வைத்திருப்பவருக்கு உண்டு. கூடவே சட்டமே ஒரு வசதியுரிமையை, அதாவது பிறர் நிலத்தின் பயன்பாட்டின் மேல் ஒரு கட்டுப்பாட்டை, உண்டாக்குகிறது: முகட்டின் மேல் 250 கிலோபாஸ்கலுக்கு மேல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 டன்னுக்கு மேல், சுமை இறங்கக் கூடாது. அதே கியூபெக்கின் குடியியல் சட்டத் தொகுப்பு, மண்ணுக்கு உடையவர் அதன் மேலுக்கும் கீழுக்கும் உடையவர் என்று 951ஆம் பிரிவில் சொல்கிறது. பொதுப் பயனுக்காக அன்றி, நியாயமான இழப்பீட்டை முன்கூட்டியே கொடுத்தாலன்றி, யாருடைய உடைமையையும் பறிக்க முடியாது என்கிறது 952ஆம் பிரிவு. இரண்டு மாடி வீட்டுக்காரருக்கு இந்தச் சுமை வரம்பால் இழப்பில்லை என்பது சரிதான். பின்னாளில் பத்து மாடி எழுப்ப நினைப்பவருக்கும் அப்படித்தானா என்ற கேள்விக்குச் சட்டம் இழப்பீட்டு வழியில் பதில் சொல்வதில்லை.

முழு நிலத்தையும் எடுத்துக்கொண்டால் கணக்கு ஓரளவு எளிது. விலையை வாங்கிக்கொண்டு உரியவர் வேறிடம் போய்விடுவார். வசதியுரிமையில் அவர் அங்கேயே இருக்கிறார். சொத்து வரியும் அவருடையது, உழுவதும் அவரே. வசதியுரிமை உயர்மின் பாதைக்கானது என்றால், அதன் கீழே அவர் வீடு கட்ட முடியாது, நீச்சல் குளம் வெட்ட முடியாது, உயரமாக வளரும் மரம் வைக்க முடியாது. இப்படி ஒரு நிலத்தின் உரிமையில் ஒரு கீற்றை மட்டும் வாங்க நினைப்பது மாகாண அரசின் மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் மட்டுமே, விற்பவருக்கோ மறுக்கும் வழி இல்லை. இதைச் சந்தை என்று சொல்வது பெயரளவுக்குத்தான்.

ஆனால் கியூபெக்கின் புதிய நில எடுப்புச் சட்டம் அந்தச் சந்தையையே அளவுகோலாக்கியிருக்கிறது. 2023 நவம்பரில் நிறைவேறி டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், உடைமையாளருக்கு அந்த நிலம் எவ்வளவு மதிப்புடையது என்று பார்த்த பழைய நீதிமன்ற மரபை ஒதுக்கிவிட்டுச் சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பொதுப் போக்குவரத்துத் திட்டங்களின் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த அரசின் கவலை புரிகிறது. நிலத்தை ஊகத்துக்கு வாங்கி வைத்தவர்களை அடக்க இது உதவவும் கூடும். அதே கோலால் மின்கோபுரம் நிற்கும் சோளக்காட்டை அளப்பதுதான் பிழை.

மின்பாதைகளின் அரசியலும் இங்கே பழையது. 1998 ஜனவரியின் பனிமழைப் புயலில் கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன, மொன்றியலின் குடிநீரே ஆட்டம் கண்டது. அந்த அச்சத்தில், எர்த்தெல், தே கந்தோன் துணைமின் நிலையங்களை இணைக்கும் 735 கிலோவோல்ட் பாதைக்கு வழக்கமான பொது விசாரணையின்றி அரசு ஆணைகள் பிறப்பித்தது. அந்தப் பாதை செல்லும் வால்-சான்-பிரான்சுவா பகுதி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1999இல் கியூபெக் மேல்நீதிமன்றம் ஆணைகள் செல்லாது என்றது, அதே ஆண்டு மாகாணச் சட்டமன்றமான தேசியப் பேரவை தனிச் சட்டம் இயற்றி அவற்றைச் செல்லுபடியாக்கிவிட்டது. பேரம் பேசும் மேசையில் ஒரு பக்கத்தார் சட்டமே எழுத வல்லவர் என்றால், மறுபக்கத்தாரின் சம்மதத்தை விலைக்குச் சான்றாகக் கொள்ள முடியுமா?

கொங்கு நாட்டு உழவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் பாதையை எதிர்த்து 2018இல் அவர்கள் போராடியபோது, புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் பாதையைக் கேரளத்தில் ஒரு பகுதி தரைக்கடியில் புதைக்கும்போது எங்கள் காட்டில் மட்டும் கோபுரம் ஏன் என்று கேட்டார்கள். மொன்றியலுக்குத் தெற்கே எர்த்தெல் துணைமின் நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு 1,250 மெகாவாட் கொண்டுசெல்லும் பாதையும் கியூபெக்குக்குள் நிலத்தடியில்தான், பெரும்பாலும் சாலையோரமாகவே போகிறது. செலவு கூடினாலும் புதைக்க முடியும் என்பதற்கு இரு நாட்டிலும் சான்று உண்டு. இழப்பீட்டில் இந்தியாவின் நிலை இன்னும் தாறுமாறு. 1962ஆம் ஆண்டின் குழாய்ப்பாதைச் சட்டம் பயன்பாட்டு உரிமைக்கு நிலமதிப்பில் பத்து விழுக்காடு தருகிறது. மத்திய மின் அமைச்சகம் 2015இல் கோபுர அடிநிலத்துக்கு 85 விழுக்காடு, கம்பி செல்லும் தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்று வழிகாட்டியது. 2024இல் அவை 200, 30 என்று உயர்ந்தன. ஒன்பது ஆண்டுகளில் கம்பியின் நிழல் இரட்டிப்பாகிவிடவில்லை. எதிர்ப்பின் அளவுக்கேற்ப உயரும் எண்ணை மதிப்பீடு என்று எப்படிச் சொல்வது?

விழுக்காட்டைக் கூட்டுவதைவிட இழப்பைப் பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை என்பது என் வாதம். வசதியுரிமை இரண்டு வேறு இழப்புகளை உண்டாக்குகிறது. நிலத்தின் விலை விழுவது ஒன்று. அது ஒரே நாளில், அன்றைய உடைமையாளருக்கு நேர்கிறது, அவருக்கு ஒரே தொகையாகக் கொடுத்து முடிக்கலாம். மற்றது உழைப்பின் இழப்பு. டிராக்டரைக் கோபுரத்தைச் சுற்றி வளைக்க வேண்டும், விதையும் உரமும் அந்த மூலைகளில் இருமுறை விழும், காலடியில் களை மண்டும். இது ஒவ்வொரு பருவத்திலும், அப்போது யார் உழுகிறாரோ அவர் தலையில் விழுகிறது. அவர் குத்தகைக்காரராகவும் இருக்கலாம்.

ஆண்டுதோறும் பணம் கொடுத்தால், மலிவாக நிலத்தை வாங்கிய அடுத்த உடைமையாளருக்கு இரட்டை லாபம் என்பது பொருளியலாரின் வலுவான மறுப்பு. விலைவீழ்ச்சியைப் பொறுத்தவரை அதை மறுக்க முடியாது. அதை ஆண்டுத்தொகையாக்கக் கூடாது என்பதே என் நிலையும். உழைப்பின் இழப்புக்கு இந்த மறுப்பு அந்த அளவுக்குப் பொருந்தாது. ஆண்டுத்தொகை வரும் என்று தெரிந்தால் அந்த இழப்புக்காக நிலத்தின் விலை குறையாது. பெரிய இயந்திரங்கள் வந்து கோபுரத்தைச் சுற்றும் செலவு கூடினால், இருபது ஆண்டுகளுக்கு முன் கொடுத்து முடித்த தொகை அதை அறியாது.

கியூபெக் விவசாயிகள் ஒன்றியத்துடன் ஹைட்ரோ-கியூபெக் செய்துகொண்ட உடன்பாடு, கோபுரங்களால் வரும் விவசாய இழப்பை வசதியுரிமை விலையிலிருந்து தனியே எடுத்துக் கணக்கிடுகிறது. ஆகவே இந்தப் பிரிவினை அங்கே அந்நியமல்ல. கனடாவின் மற்றொரு மாகாணமான ஆல்பர்ட்டாவில் மின்கோபுரங்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் வழக்கமே இருக்கிறது. கியூபெக்கில் செய்ய வேண்டியது, அந்த இரண்டாம் தொகையை ஆண்டுக் கடப்பாடாக்கி, வசதியுரிமையோடு சேர்த்து நிலப்பதிவேட்டில் ஏற்றுவது. நிலம் கைமாறினாலும் கோபுரம் நிற்கும்வரை உழுபவருக்குப் பணம் சேரும், கோபுரம் அகற்றப்படும் ஆண்டில் நின்றுவிடும்.