அட்டை எண் 1000:0060

லினக்ஸ் போட எந்த சர்வர் வாங்கலாம் என்று கேட்டால் நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. உள்ளே என்ன நெட்வொர்க் சிப், என்ன ரெய்டு கார்டு என்றுதான் திருப்பிக் கேட்பேன். காரைக்காலில் நான் பார்த்துவரும் சர்வர் வேலை சொல்லிக்கொடுத்தது அது.

இங்கு வருபவற்றில் பல, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மெஷின்கள். அவற்றில் டெல் பவர்எட்ஜ் 2950, ஆர்710 இரண்டும் அசாத்திய உழைப்பாளிகள். 2011 பிப்ரவரியில் டெபியன் லினக்ஸின் 6-ஆம் பதிப்பு வந்தபோது, மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளைக் கெர்னலிலிருந்து பிரித்துவிட்டார்கள். இந்த மெஷின்களின் பிராட்காம் நெட்வொர்க் சிப் அந்தக் கோப்பு இல்லாமல் எழாது. நெட்வொர்க் வழியாக நிறுவ உட்கார்ந்தால், நெட்வொர்க்கை எழுப்பும் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவா என்று திரை கேட்கும்! அந்தக் கொள்கை சரி என்றே இன்றும் நினைக்கிறேன். சிப்புக்குள் ஓடுவது என்ன என்று வாங்கியவனுக்குத் தெரிய வேண்டும். 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-ன் டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகளை நிறுவும் வட்டிலேயே சேர்த்தார்கள்.

கம்பெனியிடம் கேட்டு வாங்கவும் பலம் வேண்டும். காரைக்கால் எல்லையில் வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசு நிறுவனமான எல்காட் லினக்ஸுக்கு மாறியது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைத் தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது. மொத்தமாக வாங்குகிறவர் டிரைவர் கேட்டால் கம்பெனி காது கொடுக்கும். ஒற்றை மெஷின் வாங்கும் எங்களூர்ப் பள்ளிக்கு அந்தப் பலம் கிடையாது.

அதனால் வாங்குமுன் கார்டின் அடையாள எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பவர்எட்ஜின் பெர்க் 6 ரெய்டு கார்டின் எண் 1000:0060. 2019 மே மாதம் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, தன் ஆதரவுப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்கியது. ரெட் ஹாட்டின் இலவச மறுபதிப்பான சென்டாஸிலும் அதே கதை: சென்டாஸ் 7 ஓடிய அதே மெஷினில் சென்டாஸ் 8 போடப் போனால், வட்டே இல்லை என்றது. கார்டில் ஒரு கோளாறும் இல்லை. எல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு டிரைவரைத் தனியாக வெளியிட்டது. டெபியனிலோ அதே கார்டு எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது.

ஆகவே பணம் கொடுக்குமுன் கடையிலேயே லைவ் பென்டிரைவில் பூட் செய்து, எல்எஸ்பிசிஐ கட்டளையை -nn சேர்த்துக் கொடுத்து, வரும் எண்களைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். போடப்போகும் பதிப்பு அந்த எண்களை ஏற்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.