கட்டளை வரியின் வரலாற்றுச் சுமை

யுனிக்ஸ் மரபிலே பயனர் தட்டும் கட்டளையை ‘ஷெல்’ என்னும் இடையாள் சொற்களாகப் பிரித்து, பட்டியலாகவே செய்நிரலிடம் கையளிக்கும். விண்டோஸில் நிலைமை வேறு. அங்கு செய்நிரலுக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத ஒரே தொடர். இடைவெளி, மேற்கோட்குறி, பின்சாய்கோடு ஆகியவற்றின் பொருளை அதுவே துணிய வேண்டும். இவ்வேறுபாட்டை வடிவமைப்பாளரின் தனிவிருப்பாகக் கொள்வது வரலாற்றைப் புறக்கணிப்பதாகும்.

கரி கில்டோலின் சீ.பீ./எம். முறைமை, கட்டளையின் எஞ்சிய பகுதியை 128 பைற்று கொண்ட சிற்றிடமொன்றில் ஒரே தொடராக வைத்தது. நினைவகம் அருமையாயிருந்த காலத்தின் சிக்கனம் அது. சீ.பீ./எம். செய்நிரல்களை எளிதில் மாற்றியமைக்கும் நோக்குடன் ரிம் பற்றர்சன் 1980இல் எழுதிய முறைமையும், 1981இல் அதனை வாங்கிய மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொஸும் அவ்வமைப்பையே தொடர்ந்தன. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரீ. நீளவரம்பைத் தளர்த்தியதேயன்றி ஒற்றைத் தொடரைக் கைவிடவில்லை. பழைய செய்நிரல்களுக்கு இடமளிக்கும் வணிகத் தேவை இதிற் பங்குகொண்டது என்றே கருதத் தோன்றுகிறது.

விளைவு அற்பமானதன்று. அனுப்பும் செய்நிரல் ஒரு விதிப்படி கட்டிய தொடரைப் பெறுவது வேறு விதிப்படி பிரிக்கலாம். தொகுப்புக் கட்டளைக் கோப்புகளை இயக்கும் விண்டோஸின் கட்டளைச் செயலி மேற்கோட்குறிகளைத் தனக்கேயுரிய முறையில் வாசிப்பதால், வெளியார் தரும் உள்ளீடே கட்டளையாக இயங்கிவிடக்கூடும் என 2024 ஏப்ரிலில் ரஸ்ற் மொழியினர் எச்சரித்து, திருத்தப் பதிப்பொன்றை வெளியிட்டனர். ரஸ்ற் மட்டுமன்றி வேறு சில மொழிகளும் அதே குறைபாட்டுக்கு உட்பட்டிருந்தன.