வைமரின் அழிவில் பிறந்த கேள்வி

அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா? இந்தக் கேள்விக்கு உயிர் கொடுத்தது 1933 மார்ச் 23. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோயிருந்ததால் ஜெர்மன் உறுப்பினர்கள் பெர்லினின் குரோல் ஓப்பரா அரங்கில் கூடினார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களுக்கு அங்கே இடமில்லை. சீருடை அணிந்த நாஜிப் படையினர் சூழ்ந்து நிற்க, 444க்கு 94 என்ற வாக்கில், சட்டம் இயற்றும் அதிகாரம் ஹிட்லரின் அமைச்சரவைக்குப் போனது. ஜெர்மனியின் அன்றைய வைமர் அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அது கிடைத்தது. விதிப்படியே அரசமைப்பின் கதையை முடித்தார்கள்.

1949-ல் மேற்கு ஜெர்மனி தன் அடிப்படைச் சட்டத்தின் 79-ம் பிரிவில் பூட்டுப் போட்டது. மனித மாண்பையும் ஜனநாயக, கூட்டாட்சி நெறிகளையும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது.

இந்தப் பாடத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் டீட்ரிக் கான்ராட். 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது சில கற்பனைத் திருத்தங்களை முன்வைத்தார். இந்திய அரசமைப்பின் முதல் பிரிவைத் திருத்தித் தமிழ்நாடு, இந்துஸ்தான் என நாட்டை இரண்டாகப் பிரிக்கலாமா? உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ம் பிரிவை நீக்கலாமா? முகலாய ஆட்சியைத் திரும்பக் கொண்டுவரலாமா? இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டைக் கொதிக்கவைத்த மாதம் அது. அந்த முதல் கேள்வியை ஒரு தமிழர் வெறும் வகுப்பறை உதாரணமாகக் கடந்துபோக முடியாது.

1950-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக வாதாடிய வழக்கறிஞர் எம்.கே. நம்பியார், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்ற இந்த வாதத்தை 1967-ல் கோலக்நாத் வழக்கில் எழுப்பினார். அதில் வலு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், முடிவு சொல்லாமல் தள்ளிவைத்தது. முடிவு வந்தது காசர்கோட்டின் எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில்தான். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24 அன்று, அந்த எல்லை உண்டு என்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பு. நம் அரசமைப்பைத் திருத்த வழிசெய்யும் 368-ம் பிரிவில் ஜெர்மன் பூட்டு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நீதிபதி எச்.ஆர். கன்னா கான்ராடை மேற்கோள் காட்டி, எத்தனை திருத்தினாலும் பழைய அரசமைப்பு தன் அடையாளத்தோடு எஞ்சியிருக்க வேண்டும் என்றார்.

அரசு உடனே பதிலடி கொடுத்தது. மூத்த நீதிபதிகள் மூவரை ஒதுக்கிவிட்டு ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். 1975 நவம்பரில், பிரதமரின் தேர்தலை வழக்குக்கு அப்பாற்பட்டதாக்க முயன்ற 39-வது திருத்தத்தின் அந்தப் பகுதியை இதே கோட்பாடு வீழ்த்தியது. சில நாளிலேயே கேசவானந்த தீர்ப்பை மறுபரிசீலிக்க ராய் 13 நீதிபதிகளைக் கூட்டி, இரண்டே நாளில் கலைத்தார். தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளுக்கு இத்தனை அதிகாரமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் நெருக்கடி நிலையின் நடுவே, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது, வேறு எந்தத் தடுப்பு மிஞ்சியிருந்தது?

எல்லை தாண்டிய பிறகு இந்தக் கோட்பாட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே வரவேற்பு இல்லை. 1989-ல் வங்கதேச உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டாக்காவுக்கு வெளியே நிரந்தர உயர் நீதிமன்ற அமர்வுகளை அமைத்த திருத்தம் அதனால் வீழ்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு இலங்கையில், மாகாண சபைகளைத் தந்த 13-வது திருத்தத்தைத் தடுக்கவே இதை ஆயுதமாக எடுத்தார்கள். நாட்டின் ஒற்றையாட்சி குலைந்துவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஒன்பது நீதிபதிகள் கேட்ட அந்த வழக்கில் பெரும்பான்மை இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. காரணம், எந்தப் பிரிவுகளை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு தேவை என்பதை இலங்கை அரசமைப்பின் 83-ம் பிரிவே வகுத்திருந்தது.